நாட்குறிப்பு யாருக்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்லூரி முடித்ததிலிருந்து டைரி எழுதுகிறேன். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ஒரு பக்கம். போன வாரம் என் மனைவி, "இதையெல்லாம் யார் படிக்கப் போறாங்க?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நான் எழுத்தாளன் இல்லை, ஆகும் எண்ணமும் இல்லை. தன்னைப் பற்றியே தினமும் எழுதுவது சுயநலம்தானோ என்றும் தோன்றுகிறது. நீங்கள் டைரி எழுதுவதுண்டா? எழுதினால் எதற்காக? நோட்டில் எழுதுவது நல்லதா, போனிலா? என் டைரியிலிருந்து ஒரு பக்கத்தைப் படமெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

வழக்கமாக இந்த மாதிரிக் கடிதங்களுக்கு இரண்டு வரியில் பதில் போட்டுவிடுவேன். ஆனால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு, இந்த மனுஷன் இத்தனையும் யாருக்காக எழுதினார் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. மாட்டிக்கொண்டீர்கள்.

சுயநலமா என்ற கேள்வியை முதலில் விடுங்கள். ராத்திரி ஒரு பக்கம் எழுதுவதால் யார் சோற்றையும் நீங்கள் பிடுங்கவில்லை.

பிள்ளை புதுச்சேரியில் வியாபாரி. 1747இல் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் தலைமைத் துபாஷி (மொழிபெயர்ப்பாளர், தரகர்) ஆனார். பகலெல்லாம் துரைமார் வீட்டு வாசலிலும் கிடங்கிலும் பண்டகசாலையிலும் அலைச்சல். இவருக்கு டைரி எழுத நேரம் ஏது? ஆனாலும் 1736 செப்டம்பர் 6ஆம் தேதி தொடங்கி, 1761 ஜனவரியில் சாகும்வரை கால் நூற்றாண்டு எழுதினார். அவர் இறந்த அதே மாதத்தில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர் எழுதியதை அச்சில் போடலாம் என்ற பேச்சே அப்போது கிடையாது. 1846இல் கலுவா மோம்ப்ரன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் படும்வரை, எண்பது வருஷத்துக்கு மேல் வீட்டில் கிடந்தது. அப்புறம் சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாகப் போட்டது. உங்கள் மனைவி கேட்ட கேள்வியை அந்தக் காலத்தில் பிள்ளை வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள். அவரிடமும் பதில் இருந்திருக்காது.

ஆனால் என்ன எழுதப் போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: காதால் கேட்டது, கண்ணால் கண்டது, கப்பல் வந்தது, போனது, ஊரில் நடந்த அதிசயம். அவ்வளவுதான். துரை தன்னைப் புகழ்ந்தால் அதையும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வார். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு, சில இடங்களில் சிரிப்பு வரும். முந்தைய துபாஷி கனகராய முதலி 1746இல் இறந்ததும் அந்த இடம் யாருக்கு என்று ஊரில் நடந்த பேச்சையெல்லாம் காது கொடுத்துக் கேட்டு எழுதியிருக்கிறார். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! எழுதியது என்னவோ யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், மூலவர்மேல் கால் வைத்தவர் யார், ஊர்ப் பெரியவர்கள் எப்படிப் பிசகினார்கள் என்பதைத்தான். படிக்கிற நமக்கு வயிறு கலங்குகிறது.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். படித்ததும் கோபம் வந்தது, மறைப்பானேன். "இன்று ஏனோ மனம் கனத்துக் கிடக்கிறது. வாழ்க்கை எதை நோக்கிப் போகிறது? தனிமை என்னை விழுங்குகிறது." இப்படியே முக்கால் பக்கம். மேலே தேதி இல்லாவிட்டால் இது எந்த வருஷத்துக் கனம், யாருடைய தனிமை என்று ஒருவராலும் சொல்ல முடியாது. பத்து வருஷம் கழித்து நீங்களே எடுத்துப் படித்தாலும் யாரோ ஒரு பையன் எதற்கோ அழுகிறான் என்றுதான் இருக்கும். பக்கத்தின் அடியில், இடம் மீந்துவிட்டதே என்பதற்காக எழுதினாற்போல் ஒரு வரி: "கம்பெனி பஸ்ஸில் யாரும் பேசவில்லை."

ஏன் தம்பி பேசவில்லை? ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் வாய் மூடி வருவார்களா? யாரையாவது வேலையை விட்டு நிறுத்தினார்களா? யாருக்காவது மெஷினில் அடிபட்டதா? அவர் எப்போதும் எந்த சீட்டில் உட்காருவார்? டிரைவர் பாட்டுப் போட்டாரா, அணைத்துவிட்டாரா? உங்கள் மனம் கனத்ததற்குக் காரணம் அந்த பஸ்ஸில்தான் இருந்திருக்கும். அதை ஒரு வரியில் தள்ளிவிட்டு முக்கால் பக்கத்துக்கு வாழ்க்கையை விசாரித்திருக்கிறீர்கள்.

எங்கள் அப்பாவுக்குக் கீழ்வேளூரில் மளிகைக் கடை. அப்பா டைரி எழுதியவர் இல்லை, எழுதியது சிட்டை, அதாவது கடையின் அன்றாடக் கணக்கு. வாரக் கடைசியில் அவர் சிட்டையை வாசிக்க, நான் பேரேட்டில் ஏற்றுவேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை உட்காரவைப்பார். சிட்டையின் இடது ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்தாக ஏதாவது இருக்கும். "மழை. பாதி நாள் கடை." "தராசு பழுது." "பெரியவளுக்குப் பல் வலி." அதை ஏற்ற வேண்டாம் என்பார்.

1977 நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினத்தில் புயல் கரையேறியது. அந்த வாரத்துச் சிட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. தாள் ஓரம் தண்ணீர் பட்டு ஊறி, பழுப்பேறி, தொட்டால் உதிர்கிறது. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, சணல் கயிறு, அவல் என்று பற்று எழுதிக்கொண்டே போயிருக்கிறார். சில பெயர்களுக்கு நேரே ஓரத்தில் "கேட்க வேண்டாம்" என்று பென்சில். வீடு போனவர்கள். எங்கள் கடையிலும் ஓடு பறந்து அரிசி மூட்டை நனைந்திருந்தது, அதுவும் அதே பக்கத்தில் இருக்கிறது. அதற்கடுத்து, "சின்னவன் மன்னார்குடியில். தகவல் இல்லை." மறுநாளும் "தகவல் இல்லை." அதற்கு மறுநாளும். அப்புறம் ஒரு நாள், "சின்னவன் வந்தான்." அன்றைய கூட்டலில் ஒன்பது ரூபாய் இடிக்கிறது. எங்கள் அப்பாவின் கூட்டல் இடித்து நான் பார்த்ததே கிடையாது.

"என் மகனை நினைத்து நெஞ்சு துடிக்கிறது" என்று அவர் எழுதியிருந்தால் நான் அதை இத்தனை வருஷம் வைத்திருப்பேனா, தெரியாது. எழுதத் தெரியாமல் விட்டார் என்றும் நினைக்காதீர்கள். நன்றாகக் கடிதம் எழுதுவார், அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர்தான் மனு எழுதிக் கொடுப்பார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தச் சின்னவன், என் தம்பி, புயல் ராத்திரியில் அப்பா தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் கோயில் மண்டபத்துக்கு ஓடியதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கல்யாண வீடுகளில் சொல்வான், கண் கலங்கும். அவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை! சித்தி வீட்டில் இருந்தான். சிட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "அப்பா தப்பா எழுதியிருப்பாரு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. யாரையோ தூக்கிக்கொண்டு ஓடியதைக் கேட்டிருக்கிறான், சொல்லிச் சொல்லி அது அவனாகிவிட்டது.

நான் எதற்காக எழுதுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள், அல்லவா? இதற்காகத்தான். நான் கதை எழுதுகிறவள், தம்பியைவிட மோசம். ஒருவர் சொன்ன வார்த்தையை இரண்டே நாளில் திருத்திவிடுவேன், அவர் சொன்னதைவிட நன்றாகவே இருக்கும். அதற்கு முன்னால் அவர் சொன்னபடியே ஓரிடத்தில் கிடக்கட்டும் என்று அன்றைக்கு ராத்திரியே எழுதிவைக்கிறேன். மற்றபடி எனக்கு அதில் நிம்மதி கிடைக்கிறது, மனம் லேசாகிறது என்றெல்லாம் சொல்ல முடியாது. தூக்கம்தான் தள்ளிப்போகிறது.

மனசில் இருப்பதையே எழுதக் கூடாதா என்று கேட்பீர்கள். எழுதுங்கள், யார் தடுத்தது? ஆனால் முதலில் பஸ்ஸை எழுதுங்கள். அன்றைக்குத் தக்காளி கிலோ என்ன விலை, மேஸ்திரி யாரைத் திட்டினார், உங்கள் மனைவி கேள்வி கேட்டபோது கையில் என்ன வைத்திருந்தார் என்று எழுதுங்கள். அதற்குப் பிறகும் கனம் மிச்சமிருந்தால் ஒரு வரி போடுங்கள்.

நோட்டா போனா என்பதெல்லாம் உங்கள் சௌகரியம். போனில் எழுதினால் வேறு எங்காவது ஒரு நகல் வையுங்கள். நோட்டில் எழுதினால் கிழமையும் போடுங்கள்.

யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டாரே, அவரிடமே நோட்டைக் கொடுங்கள். தயக்கமாக இருக்கும். பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் என்ற டைரிக்காரர், மனைவிக்குத் தெரியக்கூடாத சமாச்சாரங்களையும் சேர்த்து டைரி முழுவதையும் சுருக்கெழுத்தில் எழுதி வைத்தார். உங்கள் நோட்டில் அப்படி எதுவும் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றவில்லை. பாதிக்குப் பாதி, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றுதான் அவர் ஆரம்பிப்பார். உடனே அடித்துத் திருத்தாதீர்கள். ஒரு பென்சிலைக் கொடுத்து, அவர் சொல்வதை ஓரத்தில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா