அழாத குழந்தையும் அறைகிற குழந்தையும்

வணக்கம்.

என் மகளுக்கு 14 மாதம். இரண்டு வாரமாக அவளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். காலையில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறுகிறாள். "நாங்க பொம்மையைக் காட்டுறோம், அவ பாக்காத நேரமா நீங்க நழுவிடுங்க" என்கிறார்கள் அங்கே. மாலையில் போய் நின்றால் ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தூக்கினால் அழுகிறாள், அறைகிறாள். அங்கேயே இவள் வயதில் இன்னொரு குழந்தை. அம்மா போனாலும் அழுவதில்லை, வந்தாலும் அழுவதில்லை. "அதுதான் நல்லா வளர்த்த பிள்ளை" என்கிறார் என் நாத்தனார். எங்களுக்குள் இருந்த அட்டாச்மென்ட், அந்தப் பிணைப்பு, அறுந்துவிட்டதா?

வி.

அன்புள்ள வி.,

அறுந்ததற்கான அடையாளம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை.

நாத்தனார் சொன்னதிலிருந்தே தொடங்கலாம். உளவியலாளர் மேரி ஐன்ஸ்வர்த் 1960களில் அமெரிக்காவின் பால்டிமோரில் வடிவமைத்த ஒரு சோதனை இருக்கிறது. ஓர் அறை, தரையில் பொம்மைகள், இரண்டு நாற்காலிகள். ஒரு வயதை ஒட்டிய குழந்தையும் தாயும் உள்ளே வருகிறார்கள். பிறகு முன்பின் தெரியாத ஒருவர் வருகிறார். தாய் வெளியே போகிறார், திரும்புகிறார், மறுபடி போகிறார், மறுபடி திரும்புகிறார். மொத்தம் 8 கட்டங்கள், பெரும்பாலானவை மூன்று நிமிடம். குழந்தை ரொம்பக் கலங்கினால் பிரிவைச் சுருக்கிவிடுவார்கள். தாய் போகும்போது குழந்தை அழுததா என்பதை வைத்து இதில் முடிவு சொல்வதில்லை. அவர் திரும்பி வரும் அந்த இரண்டு தடவையைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்: நெருங்கி வருகிறதா, தூக்கினால் உடம்பை ஒட்டிக்கொள்கிறதா, அழுகை அடங்கி மறுபடி பொம்மைக்குப் போகிறதா. போகும்போது வீறிட்டு அழுது, வந்ததும் தோளில் சாய்ந்து அடங்குகிற குழந்தையைப் பாதுகாப்பான பிணைப்பு உள்ளது என்றே வகைப்படுத்துவார்கள்.

சில குழந்தைகள் தாய் வந்ததைக் கண்டுகொள்ளாமல் பொம்மையையே உருட்டிக்கொண்டிருக்கும். ஆலன் ஸ்ரூஃப், எவரெட் வாட்டர்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1977இல் எழுதிய கட்டுரை அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பையும் கணக்கில் எடுத்தது. வெளியே அமைதி, உள்ளே துடிப்பு ஏறியிருந்தது. இதை வைத்துக் காப்பகத்தில் அழாமல் இருக்கும் அந்தக் குழந்தைக்கு முத்திரை குத்திவிடாதீர்கள். இயல்பிலேயே சட்டென்று அழாத பிள்ளைகள் உண்டு. பயிற்சி பெற்றவர்கள் காணொளியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துச் சொல்வதை வாசலில் நின்று யாரும் சொல்லிவிட முடியாது. உங்கள் மகளுக்கும் அதேதான்: அந்தச் சோதனை சில நிமிடப் பிரிவுக்கானது, ஒரு வேலைநாள் முழுவதற்குமானது அல்ல. பல மணி நேரம் கழித்து வரும் அம்மாவிடம் முகம் திருப்புவதும் கோபப்படுவதும் இந்த வயதில் சகஜம்.

மாலையில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கைப்பையையும் போனையும் ஓரமாக வைத்துவிட்டு அவளுக்கு நாலடி தள்ளித் தரையில் உட்காருங்கள். பெயரைச் சொல்லுங்கள், வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள், பிறகு காத்திருங்கள். முதல் நாட்களில் ஐந்து நிமிடமும் ஆகலாம். "அம்மாகிட்ட வா, முத்தம் குடு" வேண்டாம். அறைந்தால் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, "கோவமா இருக்கியா, அம்மா போயிட்டேன்ல" என்றால் போதும். சாப்பிட்டாளா தூங்கினாளா என்ற விசாரணை அவள் உங்கள் மடிக்கு வந்த பிறகு. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: குழந்தை காத்திருக்க, பெரியவர்கள் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருப்பார்கள்.

காலையில் நழுவாதீர்கள். கண்ணில் படாத அம்மா எங்கோ இருக்கிறாள் என்பது 14 மாதக் குழந்தைக்குத் தெரியும். எப்போது வருவாள் என்பது தெரியாது. சொல்லாமல் மறைந்தால், கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போவாள் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். அப்புறம் வீட்டில் நீங்கள் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டும். அதே சமயம், விடைபெறுவதை இழுக்கவும் கூடாது. தினமும் அதே வாக்கியம், ஓர் அணைப்பு, குறிப்பிட்ட ஒரே பணியாளரின் கைக்கு மாற்றுவது, கிளம்புவது. ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். அழுகுரல் கேட்டு மூன்று தடவை எட்டிப் பார்ப்பது, நழுவுவதைவிட மோசம்.

'ஒரே பணியாளர்' என்பதை அழுத்திக் கேளுங்கள். குழந்தை ஒருவரிடம்தான் ஒட்டும் என்பது சரியல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து ஆய்வாளர்கள் ஷாஃபரும் எமர்சனும் 1964இல் எழுதினார்கள்: 18 மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிணைப்புகள் இருந்தன. ஆனால் தினம் ஓர் ஆள் மாறினால் எவரோடும் ஒட்டுவதற்கு வழியில்லை. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு ஒன்று 1997இல் சொன்னதும் இதற்குத் தொடர்புடையது. காப்பகத்தில் விடுவது மட்டுமே 15 மாத வயதில் பிணைப்பைக் கெடுக்கவில்லை. தாயின் கவனிப்பும் குறைந்து, அதோடு காப்பகம் தரமற்றதாகவோ ஏற்பாடு அடிக்கடி மாறுவதாகவோ இருந்தபோதுதான் பாதிப்பு கூடியது.

எவ்வளவு நேரம் அழுதாள் என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். யார் மடியில் அடங்கினாள், அடங்கியபின் விளையாடினாளா என்று கேளுங்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன், பெற்றோரைப் பிரித்து மருத்துவமனையில் வைத்திருந்த சிறு குழந்தைகளைக் கவனித்தவர். முதலில் அழுது போராடுவார்கள், பிறகு ஒடுங்கிப் போவார்கள். அந்த ஒடுக்கத்தைப் பார்த்து "பழகிட்டான்" என்று நிம்மதியடைந்தார்கள் ஊழியர்கள். அழுகை நின்று, ஆனால் மூலையில் உட்கார்ந்து எதையும் தொடாமல் இருக்கிறாள் என்றால் பொறுக்க வேண்டாம். வீட்டிலும் விளையாட்டு நின்றுபோனால், அல்லது அடிபட்டால்கூட யாரையும் தேடி வராமல் போனால், குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு வாரம் போய்விட்டதே என்று விட வேண்டாம். பழக்குவதை முதலிலிருந்து தொடங்கலாம். ஜெர்மனியில் 'பெர்லின் முறை' என்று ஒன்று உண்டு. முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ குழந்தையோடு ஒரு மணி நேரம்போல அங்கேயே ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பார்; பிரிவே கிடையாது. பணியாளர் மெல்ல விளையாட்டில் சேர்ந்துகொள்வார். நான்காம் நாள் சொல்லிக்கொண்டு வெளியே போவது, அதிகபட்சம் 30 நிமிடம், கூப்பிடு தூரத்தில். பணியாளரால் சில நிமிடங்களில் தேற்ற முடியவில்லை என்றால் உடனே உள்ளே வந்துவிட வேண்டும். அடுத்த சில நாட்களுக்குப் பிரிவு முயற்சி இல்லை. தேறினால் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். உங்களுக்கு விடுப்பு கிடைக்காவிட்டால் அப்பா உட்காரட்டும், முறை ஒன்றேதான். நான்காம் நாள் திங்கட்கிழமையாக வந்தால் அன்று வேண்டாம், செவ்வாய்க்குத் தள்ளுங்கள். இரண்டு நாள் விடுமுறைக்குப் பிறகு அவள் மறுபடி புது ஆளாகத்தான் வந்திருப்பாள்.