பின்னுதை பலமாக உள்ள ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) நிலைக்கும்?

நமீபியாவில் வேலை பார்க்கும் மன்னார்குடிக்காரர் ஒருவரின் கேள்வி இது. (நம் நாட்டில் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், இது அங்குள்ள உரிம வேட்டைக்கு மட்டும்.)

குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி தோளை நோக்கி உதைப்பதுதான் பின்னுதை. 1912இல் வந்த .375 ஹாலந்து அண்டு ஹாலந்து மேக்னம் என்ற வலுவான தோட்டா வெடித்து உதைக்கும்போது, மேலிருக்கும் ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அந்த இழுபறியைத் தாங்குவது பிடிவளையங்களும் உள்ளே இருக்கும் கண்ணாடிகளும்தான்.

களத்திலிருந்து வரப்பேறும் நெல் வண்டியைப் பாருங்கள். மாடு வெடுக்கென்று இழுத்தால் உயர அடுக்கிய மூட்டைகள்தான் சரியும். தாழக் கட்டிய நாலு மூட்டை அசையாது. 1 முதல் 4 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் அந்த நாலு மூட்டை. முன்பக்கம் குடம்போலப் பருக்காது, எடை குறைவு, குழலை ஒட்டித் தாழப் பொருத்தலாம்.

விலையைவிட நான் முதலில் பார்ப்பது கண்ணுக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி. 9, 10 செ.மீ. வேண்டும், குறைந்தால் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

மடங்கு கூடினால் குறி தப்பாது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் மடங்கு கூடக்கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும், புதரிலிருந்து பாயும் விலங்கு கண்ணாடிக்குள் அகப்படவே அகப்படாது.