நெஞ்சழுத்தக்காரி என்று பெயர் வாங்கிய பிள்ளை

"வளரும் வயதில் மற்றவர்கள் உங்கள் குணத்தை எப்படி விவரித்தார்கள்? அது சரியாக இருந்ததா?" என்பது கேள்வி. எனக்கு 13 வயது ஆகும்வரை என் குணத்தைச் சொல்ல எங்கள் உறவில் அதிகம் புழங்கிய சொல் 'நெஞ்சழுத்தக்காரி' என்பதுதான். அதைத் தொடங்கிவைத்தவர் அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை. கோபம் வந்த நாட்களில் அதுவே 'ஊமைக்குசும்பு' ஆகும். பள்ளியில் எழுத்துத் தமிழுக்கு மாறி, ரேங்க் கார்டில் 'கவனக்குறைவு அதிகம்' என்று இருக்கும். அம்மா மட்டும், யாராவது என்னைக் குறை சொன்னால், "அவள் வாயில்லாப் பூச்சி, விட்டுவிடுங்கள்" என்று என் பக்கம் நின்று பேசுவார். எல்லோரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். கூப்பிட்டால் நான் திரும்பமாட்டேன். ஒரு வேலை சொன்னால் வேறொன்றைச் செய்வேன். திட்டும்போது திட்டுகிறவரின் முகத்தையே இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பேன். திட்டு வாங்குகிற பிள்ளை தலையைக் குனியவேண்டும் என்று எதிர்பார்க்கிற வீட்டில், அந்தப் பார்வையைவிடப் பெரிய திமிர் கிடையாது.

நான் முகத்தைப் பார்த்தது உதட்டைப் படிப்பதற்காக. எனக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை. அது எனக்கே தெரியாது, ஏனென்றால் கேட்பது என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு என்னிடம் வேறு அளவுகோல் இல்லை.

எங்கள் ஊர் குமாரபாளையம். காவிரிக்கு அக்கரையில் பவானி, இக்கரையில் நாங்கள். நாமக்கல் மாவட்டம் 1997 இல்தான் பிறந்தது. நான் வளர்ந்த காலத்தில் எங்கள் ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. தெருவுக்குத் தெரு விசைத்தறிப் பட்டறைகள், லுங்கியும் துண்டும் ஓடும். அப்பா ஆறு தறி உள்ள ஒரு பட்டறையில் வேலை செய்தார். அம்மா வீட்டில் தறி நாடாவுக்குள் வைக்கும் நூல் தார் சுற்றினார். சிறுவயதில் ஆற்றிலும் வாய்க்காலிலும் குதித்து விளையாடியதில் காதில் சீழ் பிடித்தது. சளி பிடிக்கும்போதெல்லாம் அது திரும்பி வந்தது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஆயா, அதாவது என் பாட்டி, இளஞ்சூட்டில் காதுக்குள் விடுவார். எண்ணெய் விட்டால் வலி கொஞ்சம் அடங்கியதுபோல் இருக்கும், சீழ் மட்டும் நிற்காது. செவிப்பறை கிழிந்த காதில் எண்ணெயோ தண்ணீரோ போகவே கூடாது என்பது ஆயாவுக்குத் தெரியாது. அவர் அதை அன்பினால் செய்தார், அந்த விரல்களின் சூடு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

இதில் நான் பல வருடம் யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் நம் மொழியைப் பற்றியது. தமிழில் 'கேள்' என்ற ஒரே வினை மூன்று வேலை செய்கிறது. ஒலி காதில் விழுவதும் கேட்பதுதான், சொன்னபடி நடப்பதும் கேட்பதுதான், தெரியாததை வினவுவதும் கேட்பதுதான். 'அந்தப் பிள்ளைக்குக் கேட்கவில்லை' என்பதற்கும் 'அந்தப் பிள்ளை கேட்கமாட்டாள்' என்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு விகுதியும் ஒரு வேற்றுமை உருபும் மட்டுமே. என் வீட்டில் தினமும் சொன்னது இரண்டாவது வாக்கியம். உண்மையாக இருந்தது முதல் வாக்கியம். இவற்றோடு மூன்றாவது கேட்பதும் என்னிடம் இல்லாமல் போனது. "என்ன சொன்னீர்கள்?" என்று இரண்டாம் முறை வினவினால் அடி விழும் என்று தெரிந்தபின் நான் வினவுவதை நிறுத்திவிட்டேன், ஊகித்துச் செய்யப் பழகினேன், ஊகம் தவறும்போதெல்லாம் அது குசும்பு என்று எண்ணப்பட்டது.

ஆனால் என்னை வேறு மாதிரிச் சொன்ன ஓர் இடமும் இருந்தது, அது அப்பாவின் பட்டறை. மத்தியானம் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான்தான் போவேன். ஓடுகிற விசைத்தறிப் பட்டறைக்குள் ஓசை 90 டெசிபலைத் தாண்டும். பக்கத்தில் நின்று பேசும் சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல்தான். ஆகவே உள்ளே யாரும் யாரோடும் சும்மா பேசமுடியாது. காதருகே வந்து கத்துவார்கள், இல்லையென்றால் கையாலும் உதட்டாலும் பேசுவார்கள். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் பாவில் இழை அறுந்திருக்கிறது. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. மீசையை முறுக்குவதுபோல் காட்டினால் முதலாளி வந்துகொண்டிருக்கிறார். ஒரு மூலையில் இருந்தவர் இன்னொரு மூலையில் இருந்தவருக்கு உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னதை, நடுவில் நின்ற நான் முழுதாகப் புரிந்துகொண்டு எடுத்துச் சொல்வேன். "உம்பட புள்ள வெகு சூட்டிகப்பா" என்று அப்பாவிடம் சொல்வார்கள். அந்த ஆறு தறிகளுக்கு நடுவில் நான் கெட்டிக்காரி. அங்கிருந்து முந்நூறு அடி தள்ளி இருந்த பள்ளிக்கூடத்தில் நான் மந்தம். ஒரே பிள்ளை, ஒரே நாள்.

மின்சாரம் நின்ற நேரங்கள் எனக்கு மிகத் தெளிவாக நினைவில் நிற்கின்றன. கரண்டு போனால் ஊரே ஒரே நொடியில் ஓய்ந்துவிடும். பாவுக்குள் குறுக்கே ஓடும் நாடா பாதி வழியில் நிற்கும். பட்டறைக்காரர்கள் வாசலுக்கு வந்து, வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'அப்பாடா' என்று உட்காருவார்கள். அந்த அமைதி அவர்களுக்கு ஓய்வு. எனக்கோ அந்த நொடியிலிருந்து அப்பா தொலைவில் போய்விட்டதுபோல் இருக்கும், ஏனென்றால் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சாதாரணமாகப் பேசத் தொடங்குவார், எனக்குப் பாதிச் சொல் நழுவிவிடும். சத்தத்தில் கேட்கிறது, அமைதியில் கேட்கவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? நானே நம்பவில்லை. அதனால் அதை யாரிடமும் சொன்னதும் இல்லை.

1988 இல் காது வலி பொறுக்கமுடியாமல் போய், காய்ச்சலும் சேர்ந்தபோது, அப்பா என்னைக் கோவைக்குக் கூட்டிக்கொண்டு போனார். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் என் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் கேட்டிருக்கிறார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "எத்தனை வருடமாகக் கேட்கவில்லை?" என்று அவர் அப்பாவிடம் கேட்டபோது, அப்பா கொஞ்சம் கோபமாகவே, "காதெல்லாம் நல்லாக் கேக்குமுங்க. பட்டறைச் சத்தத்துல நான் சொல்றது ஒண்ணு விடாமக் கேப்பாளுங்க" என்றார். மருத்துவர் முகம் மலர்ந்து, "அதுதான் அடையாளம்" என்றார். பிறகு, தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோக இசைக்கவையை முழங்கையில் தட்டி முதலில் என் காதுக்கு எதிரே பிடித்தார், எதுவும் தெரியவில்லை. அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் இருந்த எலும்பில் ஊன்றினார். மண்டைக்குள் ஒரு வண்டு புகுந்ததுபோல் ஒலி நிறைந்தது. நான் திடுக்கிட்டு அப்பாவின் கையைப் பிடித்தேன். நரம்பு நன்றாக இருக்கிறது, ஒலி உள்ளே போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்பதை அந்த ஒரு சோதனையே சொல்லிவிடும் என்று விளக்கினார். அன்று எடுத்த அளவீட்டில் வலது காதில் 45 டெசிபல் இழப்பு, இடது காதில் 40.

சத்தத்தில் நன்றாகக் கேட்கும் இந்த நிலையைத் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1672 இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னாளில் படித்தேன். பக்கத்தில் முரசு அடித்தால்தான் ஒரு பெண்ணுக்குக் கணவனின் பேச்சு கேட்கும் என்பதால், அந்தக் கணவன் முரசடிப்பவன் ஒருவனையே வேலைக்கு வைத்துக்கொண்டானாம். காரணம் எளிதானது: சத்தமான இடத்தில் எல்லோரும் குரலை உயர்த்திப் பேசுகிறார்கள், வழி அடைபட்ட காதுக்குள் சுற்றியிருக்கும் இரைச்சல் குறைந்தே நுழைகிறது, உயர்த்திய குரலோ போதுமான அளவுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு முரசு, எனக்குத் தறி. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முன்னூறு வருடத்துக்கு முன்னால், கண்காணாத ஊரில், என்னைப் போல் ஒருத்தி இருந்திருக்கிறாள். அவள் வீட்டில் ஒருவராவது அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லாமல், அவளுக்கு எப்போது கேட்கிறது என்று கவனித்திருக்கிறார்.

மறுவருடம் வலது காதில் அறுவை சிகிச்சை நடந்தது. காதுக்கு மேலே பொட்டுத் தசையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் ஒரு துண்டு எடுத்துக் கிழிந்த செவிப்பறைக்கு ஒட்டுப் போடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து இடது காதுக்கும் நடந்தது. முழுவதும் இல்லாவிட்டாலும் பேச்சுக்குப் போதுமான அளவு திரும்பி வந்தது. அப்போது என்னைப் பற்றி மற்றவர்கள் சொன்னதும் மாறியது. "வயசுக்கு வந்ததும் புள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது" என்றார்கள். குணம் மாறியதாகத்தான் எல்லோரும் எண்ணினார்கள், காது மாறியதோடு அதைச் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை. அது எனக்கு வருத்தம்தான், இன்றும் அந்த வருத்தம் போகவில்லை. ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் உறவுகளில் இல்லை.

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு, அவர்கள் சொன்னது சரியா என்பதற்கு, என்னால் 'முழுக்கத் தவறு' என்று சொல்லமுடியவில்லை. கேட்காமல் வளர்ந்த 13 வருடம் என்னை ஒரு விதமாக ஆக்கிவிட்டது. பேசுகிறவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன், அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டேன், பதில் சொல்லுமுன் ஒரு நொடி தாமதிப்பேன். நான் வேலை பார்க்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இதற்குப் 'பொறுமைசாலி' என்று பெயர். அத்தையின் 'நெஞ்சழுத்தம்' இதே பழக்கங்களுக்குத்தான். 'பாத்துப் பேசுற புள்ள' என்று ஆயா மட்டும் சொல்வார். அவர் எந்தப் பொருளில் சொன்னாரோ, எனக்குச் சொல்லப்பட்டவற்றில் சரியான சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது அப்பாவுக்கு 76 வயது. நாற்பது வருடத் தறிச் சத்தம் அவர் உட்காதில் ஒலியை உணரும் மயிரணுக்களை அழித்துவிட்டது, அவை மறுபடி முளைப்பதில்லை, எனக்குச் செய்ததுபோல் அறுவை சிகிச்சையால் சரிசெய்யவும் முடியாது. இந்த வகை இழப்பு முதலில் கூர்மையான ஒலிகளைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால் அவருக்குப் பேச்சின் இரைச்சல் கேட்கிறது, 'ச'வும் 'த'வும் பிரிந்து தெரிவதில்லை. என்னைப் போல அவருக்குச் சத்தம் உதவுவதும் இல்லை, கூட்டத்தில் எல்லாம் குழம்பிவிடுகிறது. கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறோம், கல்யாண வீடுகளில் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். போன தை மாதம் ஒரு விசேஷத்தில் அத்தை அவரை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "வயசாக வயசாக இவனுக்கு நெஞ்சழுத்தம் ஏறிப்போச்சு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்கு அது தெளிவாகக் கேட்டது. நான் எழுந்துபோய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, தறிச் சத்தம் காதை என்ன செய்யும் என்பதை முதலிலிருந்து சொன்னேன். என் காதைப் பற்றியும் அன்றுதான் அவரிடம் முதல்முறையாக முழுதாகச் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து, சுற்றிக்கொண்டு போய், தம்பியின் முகத்துக்கு நேராக நின்று, சாப்பிட வா என்று கையால் காட்டினார்.