வி.எஃப்.டி. வாங்கும்போது எச்.பி.யைவிட ஆம்பியரே முக்கியம்

கேள்வி: காங்கேயம் அருகே சிறிய எண்ணெய் ஆலை நடத்துகிறேன். கொப்பரை பிழியும் எக்ஸ்பெல்லருக்கு 20 எச்.பி. மோட்டார், பழைய ஸ்டார்-டெல்டா பேனலில் ஓடுகிறது. அதை மாற்றி வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி, சுருக்கமாக 'டிரைவ்') போட இருவரிடம் விலைப்புள்ளி வாங்கினேன். இருவருமே "20 எச்.பி. டிரைவ்" என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒருவரின் விலை மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதையே வாங்கிவிடலாமா? மின் கட்டணம் பாதியாகும் என்றும் சொல்கிறார்கள், உண்மையா?

பதில்: முதலில் இருவரிடமும் டிரைவின் மாடல் எண்ணையும், 'ஹெவி டியூட்டி'யில் அது தரும் ஆம்பியர் எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். விலை வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பல டிரைவ்களின் பெயர்ப்பலகையில் இரண்டு அளவுகள் இருக்கும். நார்மல் டியூட்டி அளவு மின்விசிறி, சென்ட்ரிஃபியூகல் பம்பு போன்றவற்றுக்கானது. அந்த அளவில் டிரைவ் சுமார் 110 சதவீதக் கரண்டை ஒரு நிமிடம் மட்டுமே தாங்கும். ஹெவி டியூட்டி அளவில் 150 சதவீதம்வரை ஒரு நிமிடம் தாங்கும். நார்மல் டியூட்டியில் 15 கிலோவாட், அதாவது 20 எச்.பி. என்று விற்கப்படும் டிரைவ், ஹெவி டியூட்டிக்கு வரும்போது பெரும்பாலும் 11 கிலோவாட் டிரைவ்தான்; ஏறத்தாழ 24 ஆம்பியர். உங்கள் மோட்டாரோ முழுச் சுமையில் 27, 28 ஆம்பியர் எடுக்கும். விற்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் உங்கள் வேலைக்கு அது போதாது.

எக்ஸ்பெல்லர் எப்போதும் கனத்த சுமை. ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் புண்ணாக்கு அறைக்குள்ளேயே இறுகிவிடும். மறுபடி கிளப்பும்போதுதான் டிரைவின் உண்மையான பலம் தெரியும். குறைந்த அளவு டிரைவ் அந்த இடத்தில் 'ஓவர்லோடு' காட்டி நின்றுகொண்டே இருக்கும். எனவே ஹெவி டியூட்டியில் குறைந்தது 30 ஆம்பியர் தருவதை வாங்குங்கள். உங்கள் மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மின் கட்டணம் பாதியாகும் என்ற பேச்சு உங்களுக்குப் பொருந்தாது. விசிறியிலும் பம்பிலும் மின்தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் தேவை பாதியளவுக்கு வந்துவிடும். எக்ஸ்பெல்லரில் வேகம் குறைந்தால் பிழிவதும் குறையும், சேமிப்பு அவ்வளவு இராது. முழு வேகத்திலேயே ஓட்டினால், டிரைவே 2 அல்லது 3 சதவீத மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கும். கொப்பரையின் ஈரத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றலாம், தொடக்கத்தில் கரண்டு எகிறாது, பெல்ட்டும் கியரும் அதிர்ச்சி இல்லாமல் கிளம்பும். இந்தப் பலன்களுக்காக வாங்கினால் அது நியாயமான செலவு.

பேனல் வேலையில்தான் எனக்குக் கவலை அதிகம். டிரைவை நன்றாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, பழைய ஸ்டார்-டெல்டா கான்டாக்டர்களை (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த ஸ்விட்சுகளை) அப்படியே நடுவில் விட்டுவைப்பதை இன்னும் பார்க்கிறேன். ஓடும்போது டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கான்டாக்டர் திறந்து மூடினால் டிரைவுக்கு ஆபத்து. மோட்டார் டெர்மினல் பெட்டியிலேயே பட்டைகளை வைத்து நிரந்தரமாக டெல்டாவில் இணைத்து, மூன்று வயர்களை மட்டும் டிரைவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பவர் ஃபேக்டருக்காக மோட்டாரோடு கெப்பாசிட்டர் இணைத்திருப்பீர்கள். அதைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். டிரைவின் வெளியீட்டில் கெப்பாசிட்டர் இருந்தால் முதல் ஓட்டத்திலேயே டிரைவ் எரிந்துவிடலாம். ஆலையின் மற்ற கெப்பாசிட்டர்களை ஹார்மோனிக்ஸிலிருந்து (டிரைவ் மின்கம்பியில் உண்டாக்கும் அலைச் சிதைவிலிருந்து) காப்பாற்ற, உள்ளீட்டில் 3 முதல் 5 சதவீத சோக் (கம்பிச்சுருள்) கேளுங்கள். விலைப்புள்ளியில் அது தனி வரியாக இருக்கட்டும்.

15 கிலோவாட் டிரைவ் முழுச் சுமையில் 300 முதல் 450 வாட்வரை வெப்பத்தை வெளிவிடும். மூடிய இரும்புப் பெட்டிக்குள் அது அடைபட்டுக் கிடக்கக் கூடாது. பெரும்பாலான டிரைவ்களின் முழு அளவு 40 டிகிரி வெப்பநிலைக்குத்தான் செல்லும். அதற்கு மேல் ஆம்பியரைக் குறைத்துக் கணக்கிட வேண்டும். சித்திரை வெயிலில் வெளியே 40 என்றால் பெட்டிக்குள் எவ்வளவு என்று யோசியுங்கள். ஃபில்டரோடு கூடிய விசிறி தேவை. கொப்பரைத் தூசியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். டிரைவின் மேலும் கீழும் விட வேண்டிய இடைவெளி அதன் கையேட்டில் இருக்கும். அதை அளந்து பார்க்காமல் பேனலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பழைய மோட்டார் என்பதால் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்ட வேண்டாம், அதன் விசிறி தண்டோடுதான் சுற்றுகிறது, வேகம் குறைந்தால் குளிர்ச்சியும் குறையும். மெகர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துச் சோதிப்பதானால் டிரைவைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய உடனே டிரைவின் முனைகளைத் தொட்டுவிடாதீர்கள். உள்ளே ஏறத்தாழ 580 வோல்ட் நேர்மின்னழுத்தம் தேங்கியிருக்கும். கையேட்டில் சொன்ன நேரம், பெரும்பாலும் 5 நிமிடமாவது, காத்திருந்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

கேள்வி: தஞ்சாவூரில் தனி ஆளாக லேத் பட்டறை நடத்துகிறேன். 5 எச்.பி. மோட்டாருக்கு வாங்கிய டிரைவ் உத்தரவாதக் காலத்திலேயே பழுதாகிவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்கிறார். சரியா?

பதில்: பாதிதான் சரி. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் அல்ல. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதே சட்டம் விலக்கு தருகிறது. நீங்களே லேத்தில் நின்று வேலை செய்பவர் என்றால், அதைக் காட்டும் ஆவணங்களோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள்.

கடைக்காரர் "இணைப்பு தவறு" என்று சொல்லக்கூடும். மின்சாரத்தை உள்ளீட்டு ஆர்.எஸ்.டி. முனைகளுக்குப் பதில், மோட்டாருக்குப் போகும் யு.வி.டபிள்யு. முனைகளில் கொடுத்திருந்தால் அவர் பக்கம்தான் நியாயம். இல்லை என்றால், பழுதின் காரணத்தைச் சேவைப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். திரை இன்னும் எரிகிறது என்றால், கடைசியாகப் பதிவான பழுதுக் குறியீடுகளையும் அப்போதிருந்த கரண்டு, வோல்ட்டேஜ் அளவுகளையும் படம் எடுத்துக்கொண்ட பிறகே டிரைவைக் கடையில் ஒப்படையுங்கள்.