ஆலன் மூர் வேண்டாம் என்ற பணம்

அன்புள்ள ஐயா,

ஆலன் மூர் எழுதிய ‘வாட்ச்மென்’ காமிக்ஸ் தொகுப்பை அண்மையில் படித்து மிரண்டுபோனேன். ஆனால் அவரைப் பற்றித் தேடிப் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. தன் கதைகள் படமானால் பெயரும் போடக் கூடாதாம், பணமும் வேண்டாமாம். சூப்பர்ஹீரோக்களால் புகழ்பெற்றுவிட்டு அவர்களையே இழித்துப் பேசுகிறார். இது வறட்டுக் கர்வம் இல்லையா?

மதுரையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கர்வம் உண்டு. இல்லையென்று வாதாட மாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தை மூட்டிவிட்டது ஓர் ஒப்பந்தம்.

மூர் 1953இல் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். போதைப்பொருள் விற்றதற்காகப் பதினேழு வயதில் பள்ளியிலிருந்து துரத்தப்பட்டார். தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை, பிறகு கழிப்பறை கழுவும் வேலை. ஓர் இசை வார இதழில் படக்கதை வரையத் தொடங்கியவர், வரைவது தனக்குச் சோறு போடாது என்று தெரிந்து எழுத்துக்கு வந்தார். ஆனால் ஓவியனின் கண் போகவில்லை. ‘வாட்ச்மென்’ முதல் இதழுக்கு மட்டும் அவர் தட்டச்சு செய்து கொடுத்தது 101 பக்கம்! முதல் பக்கத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். ரத்தத்தில் கிடக்கும், சிரிக்கும் முகம் வரைந்த மஞ்சள் பேட்ஜ். கட்டத்துக்குக் கட்டம் நம் பார்வை மேலே ஏற, கீழே ஒருவர் குழாய்நீரால் ரத்தத்தைக் கழுவுகிறார். கடைசிக் கட்டத்தில் உயரத்து ஜன்னலிலிருந்து ஒருவர் தெருவை எட்டிப் பார்க்கிறார்.

1986-87இல் அமெரிக்க காமிக்ஸ் பதிப்பகமான டிசி நிறுவனம் இதை வெளியிட்டபோது, ஓராண்டு காலம் புத்தகம் அச்சில் இல்லாவிட்டால் உரிமை மூருக்கும் ஓவியர் டேவ் கிப்பன்ஸுக்கும் திரும்பிவிடும் என்பது ஒப்பந்தம். அன்றைய வழக்கப்படி காமிக்ஸ் கடையில் சில மாதம் இருக்கும், பிறகு காணாமல் போகும். எனவே இருவரும் நிம்மதியாகக் கையெழுத்திட்டார்கள். 1987இல் தொகுப்பாக வந்த புத்தகம் இன்றுவரை அச்சில் இருக்கிறது. அவ்வளவு நன்றாக எழுதியதுதான் அவர் செய்த பிழை! அந்த மஞ்சள் பேட்ஜைப் போலச் செய்து டிசி விற்றுவிட்டு, அது விளம்பரப் பொருள் என்று சொல்லிப் பங்கு தர மறுத்தார்கள்.

இது புதிய கதையும் அல்ல. தமிழில் வந்த லயன் காமிக்ஸில் ஸ்பைடரைப் (ஸ்பைடர்மேன் அல்ல) படித்திருப்பீர்கள். பிரிட்டிஷ் வார இதழுக்காக அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர். 1938இல் இருவரும் சூப்பர்மேனை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். (2005இல் வந்த ‘ஆல்பியன்’ தொடரில் ஸ்பைடர், இரும்புக்கை மாயாவி, ரோபோ ஆர்ச்சி என்று பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் பாத்திரங்கள் எல்லோரையும் சிறையில் அடைத்துவைத்திருப்பார்கள். கதைத் திட்டம் மூருடையது. எழுதியவர்கள் அவர் மகளும் மருமகனும். கிடைத்தால் விடாதீர்கள்.)

திரைப்படங்களில் தனக்கு வரவேண்டிய பங்கை மூர் ஓவியர்களுக்கே கொடுத்துவிடச் சொன்னார். அவர் கதையிலிருந்து 2006இல் வந்த ‘வி ஃபார் வென்டெட்டா’ படத்தில் ஓவியர் டேவிட் லாயிடின் பெயர் மட்டும்தான் இருக்கும். பழைய பிரிட்டிஷ் சூப்பர்ஹீரோ ஒருவரை வைத்து அவர் எழுதிய ‘மார்வெல்மேன்’ கதைகளை 2014இல் மார்வெல் நிறுவனம் மறுபதிப்பு செய்தபோது, அவர் விருப்பப்படி அட்டையில் ‘மூல எழுத்தாளர்’ என்று மட்டும் போட்டார்கள். பணத்துக்கு ஆசைப்படாத இந்த மனிதரைக் கர்வி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன். மார்வெல்மேன் மிக் ஆங்லோ என்பவரின் படைப்பு. வாட்ச்மென் நாயகர்களும் சார்ல்டன் என்ற காமிக்ஸ் நிறுவனத்தின் பழைய பாத்திரங்களை மனத்தில் வைத்து உருவானவர்கள்தான். பிறர் பாத்திரங்களைத் தாராளமாக எடுத்தாண்டவர், தன் பாத்திரங்களைப் பிறர் தொட்டால் சீறுகிறார். இதற்கு அவர் சொல்லும் சமாதானங்கள் எனக்குப் போதவில்லை.

அடுத்து மூர் எழுதிய ‘ஸ்வாம்ப் திங்’ காமிக்ஸின் 21ஆம் இதழைப் படியுங்கள். 1984இல் வந்தது. செடியாக மாறிய மனிதன் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த பாத்திரம், உண்மையில் தன்னை மனிதன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் செடி என்று அதில் தெரியவரும்.