மை கலைந்த ஊர்ப்பெயர்
(வேர் தேடும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்)

கேள்வி: எங்கள் குடும்பம் ஐந்து தலைமுறையாகப் போத்தனூரில் வாழ்ந்து வரும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம். முதன்முதலில் இங்கு வந்தவர் அயர்லாந்துக்காரர் என்றும், பட்டாளத்திலிருந்து விலகி ரயில்வேயில் சேர்ந்தவர் என்றும் பாட்டி சொல்வார். அவர் பிறந்த ஊரைக் குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் மை கலைந்து, ‘பாலினா’ என்ற தொடக்கமும் ‘டிப்பரரி’ என்ற கவுண்டிப் (மாவட்டப்) பெயரும் மட்டுமே இப்போது படிக்கக் கிடைக்கின்றன. டிப்பரரியில் பாலினா என்றே ஓர் ஊர் இருப்பதை வரைபடத்தில் கண்டேன். அங்குள்ள பங்குக் கோயில் பதிவேட்டில் எங்கள் முன்னோரின் பெயர் இல்லை. அவருடைய ஊர் அழிந்துவிட்டதா?
— ஒரு வாசகி, போத்தனூர்.

பதில்: நீங்கள் வரைபடத்தில் கண்ட பாலினா, ஷானன் ஆற்றின் கரையில் கில்லலோ என்ற ஊருக்கு எதிரே இருக்கிறது. ஐரிஷ் மொழியில் அந்தப் பெயருக்கு ஆற்றைக் கடக்கும் துறையின் வாய் என்று பொருள். அதைச் சற்று ஒதுக்கி வையுங்கள். ஐரிஷில் ‘பாலெ’ என்றால் ஊர். ‘இன்னாருடைய ஊர்’, ‘இன்னதின் ஊர்’ என்று பொருள்படும் பெயர்களை ஆங்கிலேய எழுத்தர்கள் ‘பாலி…’ என்றும், அவற்றில் பலவற்றை ‘பாலினா…’ என்றும் தொடங்கி எழுதினார்கள். நம் பக்கத்தில் பாளையம், பட்டி, வலசு ஆகியவை பெயரின் வாலில் நிற்கும். அவர்களுக்கு அந்தச் சொல் தலையில் நிற்கும். உங்கள் வேதாகமத்தில் பல ஊர்களுக்குப் பொதுவான தலை மிஞ்சியிருக்கிறது, ஊரைப் பிரித்துக் காட்டும் பகுதி கரைந்து போயிருக்கிறது. ‘…பாளையம், கோவை ஜில்லா’ என்று மட்டும் ஒரு பழைய பத்திரத்தில் மிஞ்சினால் நாம் எந்தப் பாளையத்துக்குப் போவோம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஊர் அழிந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். நமக்கு அழிந்த ஊர் என்றால் பவானிசாகர் அணையில் மூழ்கிய தணாய்க்கன் கோட்டைதான் நினைவுக்கு வரும். அயர்லாந்தில் ஊர்ப்பெயர்கள் தொலைந்த விதம் பெரும்பாலும் வேறு. அங்கே நிலத்தின் மிகச் சிறிய பிரிவுக்கு ‘டவுன்லாண்ட்’ என்று பெயர். பெயரில் டவுன் இருந்தாலும் அது நகரம் அன்று. சராசரியாக 325 ஏக்கர் பரப்புள்ள, சில வீடுகளோ வீடே இல்லாமலோ இருக்கக்கூடிய ஒரு நிலத்துண்டு. அப்படி 60,000-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. 1824-இல் தொடங்கிய அரசு நில அளவையின்போது, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் நாடு முழுவதற்கும் வரைபடம் தயாரிக்கப்பட்டது. ஜான் ஓ’டோனவன் போன்ற அறிஞர்கள் ஊர் ஊராகப் போய்ப் பெயர்களைக் கேட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலை நிலைநிறுத்தினார்கள். அந்த வேலையில் டவுன்லாண்டுக்கு உள்ளே மக்கள் வழங்கி வந்த எத்தனையோ சின்னப் பெயர்கள் வரைபடத்தில் ஏறாமலே நின்றுவிட்டன. நம் ஊரில் ‘கிழக்காலத் தோட்டம்’ என்று நான்கு தலைமுறையாகச் சொல்லப்படும் நிலம், அடங்கலில் வெறும் சர்வே எண்ணாக இருப்பதைப் போன்றது அது. அதன் பிறகு 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சம் வந்தது. 1841-இல் 81 லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை 1851-இல் 65 லட்சமாகக் குறைந்தது. சாவும் கப்பலும் வெளியேற்றமும் சேர்ந்து குடியிருப்புகளைக் காலி செய்தபோது, பெயரைச் சொல்ல ஆளில்லாமல் பெயரும் போயிற்று. ஆனால் நிலம் எங்கும் போகவில்லை. வேறொரு பெயரின் கீழ் இன்றும் கிடக்கிறது.

ஆகவே நீங்கள் அயர்லாந்திலிருந்து தொடங்கியது பிழை என்பது என் கருத்து. தேடலை இந்தியாவிலிருந்து தொடங்குங்கள். ரயில்பாதை போத்தனூரை எட்டியது 1862-இல். அதை ஒட்டி ரயில்வேயில் சேர்ந்தவர் 1830-களில் பிறந்தவராக, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படையிலோ பிரிட்டிஷ் அரசுப் படையிலோ இருந்தவராக இருக்கக்கூடும். அந்தக் காலத்தில் படைக்கு ஆள் கொடுத்ததில் அயர்லாந்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1830-இல் பிரிட்டிஷ் இராணுவத்தில் நூற்றுக்கு 42 பேர் அயர்லாந்துக்காரர்கள். கம்பெனியின் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படை 1881-இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் ஒரு பிரிவாக மாறியதே அந்தத் தொடர்புக்குச் சான்று. கம்பெனி ஆள் என்றால், அவர் கப்பலேறியபோது எழுதப்பட்ட பட்டியல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. அரசுப் படையில் இருந்து ஓய்வூதியம் பெற்றவர் என்றால், லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் விடுவிப்புத் தாள் கிடைக்கலாம். அதில் ‘இன்ன பங்கில், இன்ன நகரத்திலோ அதன் அருகிலோ, இன்ன கவுண்டியில் பிறந்தவர்’ என்று அச்சிட்ட வரியே உண்டு (பங்கு என்பது ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்). அந்த ‘அருகில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பொள்ளாச்சிக்குத் தெற்கே தோட்டத்துச் சாளையில் பிறந்தவர் சென்னையில் கேட்டால் ‘கோயம்புத்தூர்ப் பக்கம்’ என்றுதான் சொல்வார். ஆள் சேர்க்கும் மேசை முன் நின்ற இளைஞனும் எழுத்தருக்குத் தெரிந்த ஊரையே சொல்லியிருப்பான்.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகளை மதராஸ் மாகாணத்திலிருந்து படியெடுத்து லண்டனுக்கு அனுப்பி வைத்தார்கள். அவையும் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ‘ஃபிபிஸ்’ சங்கத்தின் பெயர் அட்டவணையில் பணம் கட்டாமலே தேடலாம். உங்கள் முன்னோரின் திருமணப் பதிவைக் கண்டுபிடிப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தந்தையின் பெயர் தெரியாமல் அயர்லாந்துப் பதிவேடுகளைத் திறந்தால், ஒரே பெயரில் பத்துப் பேர் எதிரே வந்து நிற்பார்கள்.

தந்தை பெயர் கிடைத்த பிறகு, நான் மேலே குறையாகச் சொன்ன ‘தலை’ உங்களுக்கு உதவியாகிறது. 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி டவுன்லாண்டுகள் அனைத்தும் அகரவரிசையில் ஒரே நூலாக அச்சிடப்பட்டன; கவுண்டி, பாரனி, பங்கு எல்லாம் அருகிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பெயரின் தொடக்கம் இருப்பதால் ‘பாலினா’ என்று தொடங்கும் டிப்பரரி இடங்களை அதிலிருந்து முழுமையாகத் திரட்டிவிடலாம். வால் மட்டும் மிஞ்சியிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். பாரனி என்பது இன்று நிர்வாகத்தில் இல்லாத பழைய பிரிவு. நமக்குப் பூந்துறை நாடு, காங்கேய நாடு போல என்று வைத்துக்கொள்ளலாம். தாலுகா வந்த பிறகும் நாட்டுப் பெயர்கள் நம் பக்கத்தில் வழங்குவதுபோல, பழைய அயர்லாந்து ஆவணங்களில் பாரனிப் பெயர் தெரியாமல் ஓர் அடி நகர முடியாது.

அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரி விதிப்புக்காக எழுதப்பட்ட இரண்டு கணக்குகளைப் பாருங்கள். 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித் மதிப்பீட்டில், ஒவ்வொரு டவுன்லாண்டிலும் நிலத்தையோ வீட்டையோ வைத்திருந்தவரின் பெயரும் அவருக்கு அதைக் குத்தகைக்கு விட்டவரின் பெயரும் உண்டு. அதைவிட உங்களுக்குப் பயன்படக்கூடியது 1823 முதல் 1838 வரை எழுதப்பட்ட தசமபாக (திருச்சபைக்கான வரி) கணக்குப் புத்தகங்கள் என்று நினைக்கிறேன். நில அளவைக்காரர்கள் பெயர்களை ஒழுங்குபடுத்தி முடிப்பதற்கு முன்பே, உள்ளூரில் சொன்னபடியே எழுதப்பட்டவை அவை. பின்னால் வரைபடத்தில் ஏறாமல் போன சின்னப் பெயர்கள் பல அங்கே உயிரோடு இருக்கின்றன. இவற்றில் நீங்கள் தேட வேண்டியது ஊர்ப்பெயரை அன்று, உங்கள் குடும்பப்பெயரும் ‘பாலினா’வும் ஒரே பங்கில் சேர்ந்து வரும் இடத்தை. பங்கு தெரிந்துவிட்டால் அதன் கத்தோலிக்கப் பதிவேட்டை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-இல் இலவசமாகப் பார்வைக்கு வைத்த படங்களில் புரட்டலாம். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை நம்பியிராதீர்கள். 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி, 1922 ஜூன் 30-ஆம் நாள் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்து போயிற்று; அடுத்த நான்கு கணக்கெடுப்புகளின் தாள்களை அரசே அழித்துவிட்டது.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தந்தையை வீட்டில் ‘டார்பி’ என்றே சொல்வோம். அயர்லாந்துப் பதிவேட்டில் அதே பங்கில், அதே பெற்றோருக்கு ‘ஜெரமையா’ என்று ஒரு மகன் இருக்கிறார். குடும்பப்பெயரின் முன்னால் எங்களிடம் உள்ள ‘ஓ’ அங்கே இல்லை. இவர் வேறு ஆளா?
— ஒரு வாசகர், ஈரோடு ரயில்வே காலனி.

பதில்: ஒரே ஆளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐரிஷில் டியர்முட் என்ற பெயர் பேச்சில் டார்பி ஆயிற்று. எழுத்தில் அதற்கு ஈடாக ஜெரமையா என்று போடுவது வழக்கம். கத்தோலிக்கப் பதிவேடு இலத்தீனில் இருந்தால் அது ஜெரமியாஸ் என்று இன்னொரு வேடம் போடும். பெண்களில் பிரிஜெட் என்பவர் பிடி என்றும் டீலியா என்றும், ஹோனோரா என்பவர் நோரா என்றும் வருவார்கள். ‘ஓ’ என்ற முன்னொட்டு பலரிடம் இடையில் உதிர்ந்து, பிற்காலத்தில் மீண்டும் ஒட்டிக்கொண்டது. அது இல்லை என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள். ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக நின்ற ஞானத்தாய் தந்தையரின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் பக்கத்து வீட்டாராகவோ தாயின் உடன்பிறந்தவராகவோ இருப்பார்கள். இன்னொரு குறிப்பும் உண்டு. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரும் இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயரும் வைப்பது அங்கே பரவலான வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் கொள்ளுத்தாத்தாவையும் அவருடைய அண்ணன் தம்பியரையும் வரிசைப்படுத்தி, மூத்தவரின் பெயரை அந்த ஜெரமையாவின் தந்தையின் பெயரோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: முன்னோரின் ஊரைக் கண்டுபிடித்துவிட்டால் அயர்லாந்துக் குடியுரிமை கிடைக்குமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்.

பதில்: தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால், வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து குடியுரிமை பெறலாம். பூட்டன் அங்கே பிறந்தார் என்பது மட்டும் போதாது. நீங்கள் பிறப்பதற்கு முன்பே உங்கள் தந்தையோ தாயோ அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். 1862-ஐ ஒட்டி ரயிலோடு வந்தவர்களின் வழியில் பிறந்த பெரும்பாலோருக்கு இந்தக் கதவு திறக்காது.