உங்கள் லாட்ஜில் குளியலறைக் கதவு எத்தனை இன்ச்?

கேள்வி: எங்கள் குடும்பம் 18 அறைகள் கொண்ட லாட்ஜ் நடத்துகிறது. மாற்றுத்திறனாளி விருந்தினர்கள் சிரமம் இல்லாமல் தங்க என்ன செய்யலாம்? பெரிய செலவு பிடிக்குமா?

18 அறை என்றால் அப்பா காலத்துக் கட்டடமாக இருக்கும். வாசலில் மூன்று படி, லிஃப்ட் இருந்தால் இரண்டு பேர் நிற்கிற அளவு, ஒவ்வொரு அறை ஓரத்திலும் ஒடுக்கமாக ஒரு குளியலறை. தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். நான் தங்கிய லாட்ஜ்களும், தங்க முடியாமல் திரும்பிய லாட்ஜ்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன.

நான் 2012 முதல் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். பைக் விபத்து, முதுகுத்தண்டில் டி10 என்கிற இடத்தில் அடி. தொப்புளுக்குக் கீழே அசைவும் கிடையாது, தொட்டால் தெரியவும் தெரியாது. இரக்கம் தேட இதைச் சொல்லவில்லை. அடுத்து வருவது புரிய வேண்டும், அதற்காகத்தான்.

2019-ல் கும்பகோணத்தில் கொழுந்தியாள் மகளுக்குக் கல்யாணம். மதுரையிலிருந்து கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு லாட்ஜுக்குப் போன் செய்தேன்.

"வீல்சேர் உள்ளே வருமா?"

"தாராளமா வரும் சார்."

"பாத்ரூமுக்குள்ள?"

"அதுக்கென்ன சார், பசங்க இருக்காங்க, தூக்கி விட்ருவாங்க."

அந்த இடத்திலேயே வேறு லாட்ஜ் பார்த்திருக்க வேண்டும். கல்யாண வேலையில் இருந்த மனைவியை அலைய விட வேண்டாம் என்று சரி சொல்லிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் குளியலறைக் கதவு நிலையே 24 இன்ச். கதவைத் திறந்து வைத்தால் நடுவில் கிடைப்பது 22 அல்லது 23. என் நாற்காலியின் அகலம் 25. வாசலில் மூன்று இன்ச் உயரத்துக்குக் கடப்பா கல் வேறு. அறையைக் கவனித்துக்கொள்ளும் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். ஒருவர் அக்குளில் கைகொடுக்க, இன்னொருவர் முழங்காலைப் பிடிக்க, உள்ளே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு என்னை மாற்றினார்கள். சிறுநீர் சேர என் உடம்போடு மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் பையின் குழாய் கதவுக் கொண்டியில் மாட்டிக்கொள்ளாமல் பார்ப்பதிலேயே என் கவனம் முழுவதும் இருந்தது. குளித்து முடித்து, அதே மாதிரி வெளியே தூக்கிக் கட்டிலில் விட்டார்கள்.

பட்டு வேட்டி எடுக்க வந்த மனைவிதான் பார்த்தாள். வெள்ளை விரிப்பில் இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு ரத்தம். வலது குதிகால் அந்தக் கல்லின் முனையில் உராய்ந்து தோல் போயிருந்தது. எனக்கு எதுவுமே தெரியவில்லை. தாலி கட்டும்போது நான் மண்டபத்தில் இல்லை, கட்டுப் போட்டுக்கொண்டு அறையில் படுத்திருந்தேன். உங்களுக்கு இது நான்கு நாளில் ஆறுகிற சிராய்ப்பு. உணர்வில்லாத காலில் ரத்த ஓட்டமும் குறைவு, அழுத்தம் பட்டால் புண் ஆழமாகும். ஆற இரண்டரை மாதம் ஆனது. வீட்டிலிருந்தே சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதில் இரண்டு கடைகள் அந்த இடைவெளியில் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன.

ஆகவே "தூக்கி விடுகிறோம்" என்பதை ஒரு வசதியாக நினைக்காதீர்கள். தூக்காமலே போகிற மாதிரி ஓர் அறை செய்யுங்கள். 18-ல் ஒன்று போதும், அது தரைத்தளத்தில் இருக்கட்டும்.

முதல் வேலை குளியலறைக் கதவு. அரசு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 900 மில்லிமீட்டர் இடைவெளி கேட்கின்றன, ஏறக்குறைய 36 இன்ச். சுவர் இடம் கொடுத்தால் அதையே செய்யுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உட்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. வாசல் கல்லை எடுத்துவிட்டுத் தரையை வாட்டம் கொடுத்துப் போட்டால் தண்ணீர் வெளியே வராது. என் வீட்டில் கதவு, நிலை, கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் ஆனது.

உள்ளே வெஸ்டர்ன் டாய்லெட்டுக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி வேண்டும். துண்டு காயப்போடுகிற கம்பி வேறு, இது வேறு. முழு உடம்பும் அதில் தொங்கும், எனவே டைல்ஸில் நிற்காமல் செங்கல் வரை போல்ட் இறங்க வேண்டும். நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் தேவை. குளிக்க, காலில் ரப்பர் போட்ட அகல நாற்காலி. ஈரத் தரையில் வழுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். கட்டில் 18 முதல் 20 இன்ச் உயரம் இருந்தால் நானே மாறிக்கொள்வேன். இப்போது மெத்தைமேல் மெத்தை போட்டு மலை மாதிரி ஆக்கிவிடுகிறார்கள், அதில் ஒன்றை எடுத்தாலே போதும்.

வாசல் சாய்தளத்துக்குக் கணக்கு சுலபம். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். மூன்று படி ஒன்றரை அடி என்றால் 18 அடி. ஆறடியில் முடித்த சாய்தளத்தில் பெட்டி ஏறும், நான் ஏறினால் பின்னால் சாய்வேன். பளபள டைல்ஸ் ஒட்டாமல் சொரசொரப்பான சிமெண்ட் போதும்.

"சின்ன லாட்ஜ்காரனிடம் இவ்வளவு கேட்கலாமா, நஷ்டத்தை யார் தருவார்?" என்று சிலர் வருவார்கள். கேட்கிறவரே வழி கேட்கிறார், நான் யாரையும் மிரட்டவில்லை. ஆனாலும் சட்டம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளையும் சேர்த்தே பேசுகிறது. அதன் கீழ் வந்த நெறிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. வீட்டில் தாத்தாவுக்கு மூட்டு தேய்ந்தாலும் மருமகளுக்குப் பிரசவம் ஆனாலும் அந்த ஓர் அறையைத்தான் முதலில் கேட்பார்கள், அது காலியாகக் கிடக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். வாடகைக்கு வீடு தேடி இரண்டு வருடம் அலைந்தோம். முன்பணம், மாத வாடகை எல்லாம் பேசி முடித்த பிறகு நாற்காலியைப் பார்த்த ஒருவர், "சக்கரம் டைல்ஸ்ல கோடு போடும்" என்றார். இன்னொருவர், காலையில் வெளியே கிளம்பும்போது எதிரில் வந்தால் சங்கடம் என்று மனைவியிடமே சொன்னார். லாட்ஜில் ஒரு ராத்திரிதான், பொறுத்துப் போய்விடலாம். வீட்டுக்கு எங்கே போவது? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்னது சக்கர நாற்காலிக்காரனின் கணக்கு மட்டும். பார்வையில்லாத நண்பர் ஒருவர் கேட்பதெல்லாம் வேறு. வந்ததும் யாராவது அவருக்கு முழங்கையைக் கொடுத்து அறையை ஒரு சுற்று காட்ட வேண்டும், கூட்டிப் பெருக்குகிறவர் அவர் பொருளை இடம் மாற்றக் கூடாது, எது ஷாம்பு என்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள அந்தப் பாட்டிலில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டால் போதும் என்கிறார். காது கேளாதவருக்கு இண்டர்காம் வீண். வாட்ஸ்அப் எண் கொடுங்கள், அழைப்பு மணியோடு விளக்கு எரிய வையுங்கள். தீ விபத்து மணிக்கும் அதே விளக்கு வேண்டும், கதவைத் தட்டினால் அவருக்குத் தெரியாது. லெமன் ட்ரீ ஹோட்டல்கள் 2007 முதல் காது கேளாதவர்களை வேலைக்கே எடுக்கிறார்கள். கூட வேலை பார்க்கிறவர் அப்படி இருந்தால் மற்றவர்களுக்கு இதையெல்லாம் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம், என்னிடமே பேசச் சொல்லுங்கள். "சாருக்கு என்ன வேணும்?" என்று என் மனைவியைக் கேட்காத வரவேற்பாளரை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

போன வருடம் தஞ்சாவூரில் ஒரு சிறிய லாட்ஜ். போனில் அளவு கேட்டதும் மேனேஜர், "அஞ்சு நிமிஷம் சார்" என்று வைத்துவிட்டார். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. குளியலறை நிலையில் குறுக்கே மஞ்சள் இன்ச் டேப், அதைப் பிடித்திருக்கும் பெருவிரலுக்குப் பக்கத்தில் 29 என்ற எண். கீழே, "வாசல்ல ரெண்டு இன்ச் கல் இருக்கு சார், பலகை போட்டு வைக்கிறேன்" என்று எழுதியிருந்தார். 36 இன்ச் இல்லைதான், கைப்பிடிக் கம்பியும் இல்லை. ஆனால் என் 25 இன்ச் நாற்காலி உள்ளே போனது. நானே போனேன், நானே குளித்தேன்.

நீங்களும் அந்தப் படத்தை எடுத்து, கட்டில் உயரம், வாசல் படி, லிஃப்ட் அகலம் எல்லாவற்றையும் எண்ணாக எழுதி, அறை பதிவு செய்கிற பக்கத்தில் போடுங்கள். கதவை மாற்றும் வரை இதைச் செய்யலாம், இன்று சாயங்காலமே செய்யலாம். சின்னதாக இருந்தால் சின்னது என்றே போடுங்கள், நான் வேறு இடம் பார்த்துக்கொள்வேன். தை மாதம் அதே கொழுந்தியாள் வீட்டில் பையனுக்குக் கல்யாணம். உங்கள் ஊர் கும்பகோணம் பக்கம் என்றால் அளவைச் சொல்லுங்கள், இரண்டு நாளைக்கு அறை வேண்டும்.